“வீட்ல சொல்லாதே” என்று ஏன் சொன்னீர்கள்?

கேள்வி:

ஐயா, இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு இரண்டு பிள்ளைகள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் வீட்டுக்கு விளையாட வருவார்கள். விளையாடி முடித்ததும் உட்காரவைத்து வேதாகமக் கதை சொல்வேன், பாட்டுச் சொல்லிக்கொடுப்பேன். பக்கத்து வீட்டு ஏழு வயதுச் சிறுமி ஒருநாள், “நானும் இயேசப்பாகிட்ட ஜெபிக்கணும் ஆன்ட்டி” என்றாள். அவளோடு சேர்ந்து ஜெபித்தேன். அவர்கள் வேறு மதம். அதனால், “வீட்ல சொல்லாதே, அம்மா வருத்தப்படுவாங்க” என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவளுடைய அம்மா வாசலில் வந்து நின்றார். பிள்ளை ராத்திரியெல்லாம் தூங்காமல், “செத்துப்போன தாத்தா நரகத்துலயா இருக்கார்?” என்று கேட்டு அழுதாளாம். அவர் சத்தம் போடவில்லை. “இனிமே என் பிள்ளையைக் கூப்பிடாதீங்க” என்று மட்டும் சொல்லி, நான் கொடுத்த கதைப்புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது மற்றப் பிள்ளைகளும் வருவதில்லை. சபையில் ஒரு சகோதரி, “இது உபத்திரவம், சோர்ந்துபோகாதே” என்கிறார். என் கணவரோ, “வாழ்ந்து காட்டினால் போதும், வாயைத் திறக்காதே” என்கிறார். நான் செய்தது தப்பா? சொல்லாமல் இருப்பது பாவமில்லையா? அந்தப் பிள்ளையின் கலர் பென்சில் டப்பா இன்னும் எங்கள் வீட்டு ஜன்னலோரம் கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்கவில்லை.

(பெயர் வெளியிட விரும்பாத சகோதரி)

பதில்:

அன்புச் சகோதரி,

நீங்கள் எதைத் தப்பா என்று கேட்கிறீர்களோ, அதில் எனக்குப் பெரிய தப்புத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் நீங்கள் நம்புவதைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள். ஆனால் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, “வீட்ல சொல்லாதே” என்று, என்னால் அதைத் தாண்டி வர முடியவில்லை.

இருபத்தாறு வருடமாகச் சிறுவர் ஊழியத்தில் இருக்கிறேன். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் இப்போது முழுநேர வேலை. எந்தப் பயிற்சியிலும் முதல் மணி நேரத்தில் நான் பேசுவது கதை சொல்லும் விதத்தைப் பற்றி அல்ல, பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி. அதில் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு: “அம்மா அப்பாகிட்ட சொல்லாதேன்னு ஒரு பெரியவங்க சொன்னா, அதைத்தான் முதல்ல வந்து சொல்லணும்.” பிள்ளைகளைக் கெடுக்கிறவன் பேசும் முதல் வாக்கியம் அதுதான். உங்கள் மனதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? நல்ல ஆன்ட்டி ரகசியம் காக்கச் சொன்னால், நாளைக்கு வேறொருவர் சொல்லும்போதும் அவள் காப்பாள். அந்த அம்மா உங்கள் வாசலில் வந்து நின்றபோது அவருக்கு மதம் பாதிதான் காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். “என் பிள்ளை என்னிடம் மறைக்கிறாள், மறைக்கக் கற்றுக்கொடுத்தது இந்த வீடு” என்பது மீதிப் பாதி. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அவ்வளவு அமைதியாகப் பேசியிருப்பேனா, சந்தேகம்தான்.

இன்னொன்று. ஜெபித்ததை ஒரு பிள்ளை தன் வீட்டுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், அவளுடைய முதல் ஜெபமே ஒரு குற்ற உணர்ச்சியோடு தொடங்குகிறது. அந்த இரண்டு நாளும் அவள் தனியாக அந்தப் பாரத்தைச் சுமந்திருக்கிறாள். தாத்தாவைப் பற்றிய பயமும் சேர்ந்துகொண்டது. யாரிடம் கேட்பாள்? அம்மாவிடம் கேட்கக் கூடாது என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

நம் எல்லோருக்கும் மனப்பாடமான வசனம், “சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்.” சிறுவர் ஊழியத்தின் சுவரொட்டி எல்லாவற்றிலும் இருக்கும். அதற்கு முந்திய வசனத்தை யாரும் சுவரொட்டியில் போடுவதில்லை. மாற்கு 10-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அந்தப் பிள்ளைகள் தாங்களாக ஓடி வரவில்லை, ஆண்டவர் தொடும்படி அவர்களைக் கொண்டுவந்தார்கள். லூக்கா இன்னும் தெளிவாக, கைக்குழந்தைகள் என்கிறார். கைக்குழந்தை நடந்தா வரும்? பிள்ளைகளைச் சொந்தமாக உடையவர்கள் தூக்கி வந்தார்கள். தடுத்தது சீஷர்கள். அந்த வசனத்தைப் பெற்றோருக்கு எதிராக நீட்டும்போது நாம் அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம்.

சுவிசேஷங்களில் பிள்ளைகள் வரும் இடங்களை ஒருமுறை வரிசையாகப் படித்தேன், ஒரு பயிற்சிக்குத் தயாராகும்போது. ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் இறந்துபோன மகளை எழுப்பும்போது ஆண்டவர் அழுது புலம்பிய கூட்டத்தையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, தகப்பனையும் தாயையும் உள்ளே கூட்டிக்கொண்டு போகிறார். நாயீன் ஊர் விதவையின் இறந்த மகன் உயிரோடு எழுந்து உட்கார்ந்ததும் அவனைத் தாயிடம் ஒப்புவிக்கிறார். வலிப்பு வந்த பையனைச் சுகமாக்கி, தகப்பனிடம் திரும்பக் கொடுக்கிறார். சீரோபேனிக்கியப் பெண் தன் மகளுக்காக வந்து கெஞ்சுகிறாள். கப்பர்நகூம் அதிகாரி தன் மகனுக்காக வருகிறார். பிள்ளையைச் சுகமாக்கும் இந்த இடங்களிலெல்லாம் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கிறார்கள், அல்லது பிள்ளைக்காக வந்து நிற்கிறார்கள். ஆண்டவரே பெற்றோரின் வாசல் வழியாகத்தான் பிள்ளையிடம் போயிருக்கிறார். நீங்களும் நானும் கொல்லைப்புறமாகப் போக என்ன அவசரம்?

இதை எழுதும்போது என் பழைய கணக்கு ஒன்றும் நினைவுக்கு வருகிறது. ஊழியத்துக்கு வந்த புதிதில் ஒரு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தினோம். கடைசி நாள். கதை முடிந்ததும், “இயேசுவை ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள்” என்றேன். ஏறக்குறைய முழு அறையும் தூக்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூக்கிய கையை ஒரு உதவியாளர் எண்ணிக்கொண்டே வந்தார். நடுவரிசையில் ஒரு சின்னப் பையன், வலது கை வலித்ததோ என்னவோ, இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டான்: “அங்கிள், ஸ்டிக்கர் எப்போ தருவீங்க?” முந்தின நாள் கேள்விக்குக் கை தூக்கியவர்களுக்கு ஸ்டிக்கர் கொடுத்திருந்தோம். அவனுக்கு அது ஞாபகம். அன்று சாயங்காலம் எங்கள் அறிக்கையில் நாற்பத்தொரு ஆத்துமாக்கள் என்று போனது. அந்தப் பையனையும் சேர்த்துத்தான் நாற்பத்தொன்று.

அந்த வயதுப் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த பெரியவர் எதைக் கேட்டாலும் ஆமாம் என்பார்கள். பொய் இல்லை, அன்புதான். “இதயத்தில் இயேசுவை அழை” என்றால், இவ்வளவு சின்ன இடத்தில் அவர் எப்படி உட்காருவார் என்று நிஜமாகவே யோசிப்பார்கள். உருவகம் அவர்களுக்கு இன்னும் பிடிபடுவதில்லை, சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள். சொற்களற்ற புத்தகம் என்று நாம் பயன்படுத்தும் வண்ணத்தாள் புத்தகம் இருக்கிறதே, அது 1866-இல் லண்டன் போதகர் ஸ்பர்ஜன் பிரசங்கத்தில் விளக்கியது. அவர் சொன்னது மூன்று நிறம்: பாவத்துக்குக் கறுப்பு, இயேசுவின் இரத்தத்துக்குச் சிவப்பு, கழுவப்பட்ட இதயத்துக்கு வெள்ளை. பொன்னிறமும் பச்சையும் பின்னால் வந்தவை. பெரியவர்களுக்கு அழகான விளக்கம். ஆனால் ஒரு பிள்ளையிடம் கறுப்புப் பக்கத்தைக் காட்டி “இதுதான் உன் இதயம்” என்று ஆரம்பித்தால், அவள் வீட்டுக்குக் கொண்டுபோவது அந்தக் கறுப்பை மட்டும்தான். அதிலும் நிறத்தை வைத்து ஏற்கெனவே கேலிக்கு ஆளான பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். நான் கறுப்புப் பக்கத்தைப் பயிற்சிகளில் இருந்தே எடுத்துவிட்டேன்.

தாத்தா நரகத்தில் இருக்கிறாரா என்ற கேள்விக்கு வருவோம். நீங்கள் நரகத்தைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லை. ஏதோ ஒரு கதையில், ஏதோ ஒரு பாட்டில் வந்திருக்க வேண்டும். நித்தியத்தைப் பற்றி நீங்கள் என்ன நம்பினாலும், இறந்துபோன ஒருவரின் முடிவை ஒரு பிள்ளையின் முன் தீர்ப்பாகச் சொல்ல உங்களுக்கோ எனக்கோ அதிகாரம் இல்லை. நியாயத்தீர்ப்பு நம் கையில் கொடுக்கப்படவில்லை. பிள்ளை கேட்டால் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: “தாத்தா உன்மேல ரொம்பப் பாசமா இருந்தாருல்ல? அவரை உனக்கு ரொம்பத் தேடுது போல. அம்மாகிட்ட போய் தாத்தாவைப் பத்திக் கேளு, அம்மாவுக்கும் அவரைத் தேடும்.” அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இறையியல் இல்லை, பிரிவு. பயத்தைக் காட்டிப் பிள்ளையை ஆண்டவரிடம் அழைத்தால், பயம் போகும் நாளில் பிள்ளையும் போய்விடும். அப்படிப் போன இளைஞர்கள் பலரோடு நான் பேசியிருக்கிறேன்.

உங்கள் சபைச் சகோதரி சொன்னதை நான் ஏற்கவில்லை. இதற்கு உபத்திரவம் என்று பெயர் வைத்தால், நிஜமாகவே விசுவாசத்துக்காகச் சிறையிலும் அடியிலும் இருக்கிறவர்களுக்கு என்ன பெயர் வைப்பது? ஒரு தாய் தன் பிள்ளையைப் பற்றிய முடிவை எடுத்திருக்கிறார். அந்த உரிமை அவருக்கு உண்டு. 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் 18-ஆவது பிரிவு, மதத்தை மாற்றிக்கொள்ளவும், அதைப் போதனையிலும் வழிபாட்டிலும் வெளிப்படுத்தவும் எல்லோருக்கும் சுதந்திரம் தருகிறது. நம்மவர்கள் அதை அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். 1966-இன் குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையிலும் அதே எண்ணில், 18-ஆவது பிரிவில், தங்கள் பிள்ளைகளின் சமயக் கல்வி தங்கள் நம்பிக்கைக்கு ஏற்ப அமையும்படி பார்த்துக்கொள்ளும் பெற்றோரின் சுதந்திரம் எழுதப்பட்டிருக்கிறது. 1989-இன் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 14-ஆவது பிரிவில், பிள்ளைக்கும் மனச்சாட்சிச் சுதந்திரம் உண்டு, அவளுடைய வளர்ச்சிக்கு ஏற்றபடி வழிகாட்டும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு உண்டு என்கிறது. நம் பிள்ளைகளுக்கு நாம் கேட்கும் அதே உரிமை பக்கத்து வீட்டுக்கும் வேண்டுமல்லவா? உங்கள் மகளை ஒருவர் கூட்டிவைத்து அவர்களுடைய பூசையைச் சொல்லிக்கொடுத்து, “அம்மாகிட்ட சொல்லாதே” என்று அனுப்பினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? இதெல்லாம் போக, மதமாற்றம் பற்றியும் சிறுவர்கள் பற்றியும் நீங்கள் வாழும் இடத்தின் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இடத்துக்கு இடம் மாறும். விவரம் தெரிந்த ஒரு வழக்கறிஞரைக் கேட்பது அவிசுவாசம் ஆகாது.

சபைகளே இதைப் பற்றிக் கூடிப் பேசியிருக்கின்றன. 2011-இல் உலகத் திருச்சபைகள் மன்றமும், வத்திக்கானின் பல்சமய உரையாடல் குழுவும், உலக இவாஞ்சலிக்கல் கூட்டணியும் சேர்ந்து, பல சமயத்தார் வாழும் உலகில் கிறிஸ்தவச் சாட்சி எப்படி இருக்க வேண்டும் என்று ஓர் ஆவணம் வெளியிட்டன. பல காரியங்களில் ஒத்துப்போகாத மூன்று தரப்பும் ஒரே தாளில் ஒன்றாக நின்றதே ஆச்சரியம். அதன் சாரம்: சாட்சி சொல்வது நம் பொறுப்பு, மனமாற்றம் பரிசுத்த ஆவியானவரின் வேலை. ஆசை காட்டுவது, வறுமையையும் தேவையையும் பயன்படுத்திக்கொள்வது, வஞ்சனை, இவை சுவிசேஷத்தையே காட்டிக்கொடுப்பவை. பிறருடைய நம்பிக்கையைத் திரித்துச் சொல்லக் கூடாது என்றும் அதில் உண்டு. உங்கள் போதகரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் படித்திருக்கக்கூடும்.

உங்கள் கணவர் சொல்வதிலும் பாதிதான் சரி. “வாழ்ந்து காட்டினால் போதும்” என்பவர்கள், இத்தாலியத் துறவி அசிசியின் பிரான்சிஸ் சொன்னதாக ஒன்றைக் காட்டுவார்கள்: எப்போதும் சுவிசேஷத்தைப் பிரசங்கியுங்கள், தேவைப்பட்டால் வார்த்தைகளையும் பயன்படுத்துங்கள் என்று. அந்த வாக்கியம் அவர் எழுதியவற்றிலும் இல்லை, அவரைப் பற்றிய ஆரம்பகால வரலாறுகளிலும் இல்லை. அந்த மனிதர் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தவர் என்பதுதான் வேடிக்கை. பேசாமலே இருந்தால், நீங்கள் நல்லவர் என்பது மட்டும்தான் தெருவுக்குத் தெரியும். பேதுரு எழுதியது எனக்கு நல்ல அளவுகோலாகப் படுகிறது: நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிற யாவருக்கும், சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள். கேட்கிற யாவருக்கும் என்றுதான் இருக்கிறது, கேட்காதவர்களுக்கும் என்று இல்லை. ஆகவே கேட்கும்படி வாழ வேண்டும், கேட்டால் தயங்காமல் சொல்ல வேண்டும். கேட்கிறவர் பெரியவராக இருந்தால் உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. உங்களுக்கு என்ன நடந்தது, ஏன் ஜெபிக்கிறீர்கள், எந்தக் கட்டத்தில் ஆண்டவர் உங்களைத் தாங்கினார் என்று உங்கள் கதையைச் சொல்லுங்கள். அவர்கள் கதையையும் கேளுங்கள், பதில் தேடிக்கொண்டே கேட்காதீர்கள். வீட்டில் யாருக்காவது நோய் என்றால், “உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?” என்று ஒரு தடவை கேட்கலாம். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட்டு, மருத்துவமனைக்குத் துணைக்குப் போங்கள்.

இப்போது நடக்க வேண்டிய காரியம். அந்த அம்மாவைப் போய்ப் பாருங்கள். சபையில் இருந்து யாரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். பிள்ளை வீட்டில் இல்லாத நேரமாக இருந்தால் நல்லது. வாசலிலேயே நின்று பேசுங்கள், உள்ளே வரச் சொன்னால் போங்கள். விளக்கம் வேண்டாம், வசனம் வேண்டாம், “ஆனா” என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. இப்படிச் சொல்லலாம்:

“உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். உங்களைக் கேக்காம உங்க பிள்ளைக்கு எங்க சாமியைப் பத்திச் சொன்னது தப்பு. வீட்ல சொல்லாதேன்னு சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. அவளைப் பயமுறுத்திட்டேன். இனி அப்படி நடக்காது.”

அவர் எதுவும் சொல்லாமல் இருக்கலாம். கோபமாக நாலு வார்த்தை சொல்லலாம். கேட்டுக்கொள்ளுங்கள். அன்றே சமாதானமாக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒருவேளை அவர் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேச அனுமதித்தால், அவர் முன்னாலேயே அவளிடம் சொல்லுங்கள்: “அன்னைக்கு ஆன்ட்டி அம்மாகிட்ட சொல்லாதேன்னு சொன்னேன்ல, அது தப்பு. யார் அப்படிச் சொன்னாலும், நானே சொன்னாலும், நீ அம்மாகிட்ட சொல்லணும்.” அவளுக்கு நீங்கள் செய்யக்கூடிய ஊழியத்தில் இதைவிடப் பெரியது எனக்குத் தோன்றவில்லை. மற்றப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் ஒரு நடை போய் வாருங்கள், செய்தி எப்படியும் அவர்களுக்குப் போயிருக்கும்.

பிறகு ஒருநாள் பிள்ளைகள் மறுபடி விளையாட வரலாம். வந்தால் விளையாடட்டும். கதவு திறந்தே இருக்கட்டும், இன்னொரு பெரியவரும் பக்கத்தில் இருக்கட்டும். பிள்ளைகளைப் படம் எடுத்து ஜெபக் குழுவில் போடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். சாப்பிடுமுன் உங்கள் வீட்டில் ஜெபிப்பது வழக்கம் என்றால் அதை மறைக்க வேண்டியதில்லை, உங்கள் பிள்ளைகள் ஜெபிக்கட்டும், வந்த பிள்ளைகளைக் கை கூப்பச் சொல்ல வேண்டாம். அவர்களில் யாராவது “இயேசப்பா யாரு?” என்று கேட்டால், “நாங்க அவரைக் கடவுள்னு நம்புறோம். உங்க வீட்ல என்ன நம்புறாங்கன்னு அம்மாகிட்ட கேட்டுப் பாரேன்” என்பது போதும். அன்றைக்கே அந்த அம்மாவிடம், “இப்படிக் கேட்டாள், இப்படிச் சொன்னேன்” என்று நீங்களே சொல்லிவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் எத்தனையோ சந்தேகத்தைத் தீர்த்துவைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கதை நேரம் மறுபடி வேண்டும் என்று உங்கள் மனசு ஏங்கினால், அதற்கும் வழி இருக்கிறது. பெற்றோரை அழையுங்கள், பிள்ளைகளை அல்ல. “சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் வேதாகமக் கதையும் பாட்டும் ஜெபமும் உண்டு, விருப்பம் இருந்தால் பிள்ளையோடு நீங்களும் வாருங்கள்” என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஓவிய வகுப்பு என்று பெயர் போட்டு உள்ளே ஜெபம் வைப்பதுபோல் மோசமானது வேறில்லை. நான் பார்த்திருக்கிறேன், செய்தும் இருக்கிறேன். எத்தனை பேர் வருவார்கள்? ஒருவரும் வராமலும் போகலாம். வராத வீட்டுப் பிள்ளைக்கு மறுநாள் உங்கள் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

ஞாயிறு பள்ளி என்பதே 1780-இல் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கியபோது, வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த இடம். அவருக்கு முன்பே சிலர் அங்கங்கே செய்திருக்கிறார்கள், பத்திரிகை நடத்தியவர் என்பதால் அவர் பெயர் நின்றது. வேதமும் சொல்லிக்கொடுத்தார்கள், அதில் ஒளிவுமறைவு இல்லை. எல்லோருக்கும் தெரிந்துதான் நடந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றால் கணக்குச் சொல்லிக்கொடுங்கள், கணக்கு மட்டும். அதற்குள் வசனத்தைச் சொருகாதீர்கள்.

பிள்ளை வளர்ந்து பதினாறு பதினெட்டு வயதில் தானாக வந்து கேட்டால் அது வேறு பேச்சு. அப்போது இன்னொரு கடிதம் எழுதுங்கள். பவுலின் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் அவன் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று பவுல் எழுதுகிறார். உங்களுக்கும் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். தெருப் பிள்ளைகளுக்குக் கதை சொன்ன மும்முரத்தில், அம்மா பக்கத்து வீட்டுப் பாப்பாவிடம் ரகசியம் சொன்னதை அவர்கள் கேட்டிருப்பார்களோ என்னவோ. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்ததும் அவர்களிடமும் நடந்ததைச் சொல்லுங்கள்.

அவளுக்காக ஜெபிப்பதை மட்டும் யாரும் தடுக்கவில்லை. ஜெபியுங்கள், அவள் அம்மாவுக்காகவும். அதை அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

கதைப்புத்தகத்தை மறுபடி அனுப்பாதீர்கள், அது உங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும். அந்த அம்மாவைப் பார்க்கப் போகும்போது பரிசு, பலகாரம் எதுவும் கையில் வேண்டாம். பென்சில் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். அது அவளுடையது. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் தேவைப்படும்.